முதல் கேமிங் கம்ப்யூட்டர்: கடையில் மாட்டித் தரச் சொல்வதா, நாமே மாட்டுவதா?

கேமிங் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்புகிற எவரும் முதலில் கேட்பது "எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல யூடியூபில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மதுரையிலோ மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமோ இருந்துகொண்டு வாங்குகிறவர் அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது வேறொன்று. வாங்கி நாலு மாதம் கழித்து ஒரு நாள் பட்டனை அமுக்குகிறீர்கள், மெஷின் ஆன் ஆகவில்லை. யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவீர்கள்? இந்தக் கேள்வியை வைத்துத்தான் இங்கே ஒவ்வொரு வழியையும் எடை போட்டிருக்கிறேன். விலை, வேகம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு அளவு வைத்துக்கொள்வோம். மானிட்டர் இல்லாமல் 70,000 முதல் 80,000 ரூபாய். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5, அவ்வப்போது பெரிய கதை விளையாட்டு ஒன்று. 1080பி (ஃபுல் எச்டி) திரை. முதல்முறை வாங்கும் கல்லூரிப் பையன்கள், பெண்கள் பலரும் கேட்பது இந்த அளவில்தான்.

சீக்கிரம் முடிவு சொல்லிவிடக் கூடியவை

ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போகிற பிள்ளைக்கு லேப்டாப்தான். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வீட்டில் ஒரே மேஜையில் வைத்து விளையாடப் போகிறவருக்கு அது நட்டம். டெஸ்க்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் எடுத்து வேலை செய்யும். லேப்டாப்பிலும் அதே பெயரில் ஒன்று வருகிறது. ஆனால் அதை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் லேப்டாப் கம்பெனி கட்டிவைக்கலாம். மெல்லிசான மாடல் என்றால் குறைவாகத்தான் வைத்திருப்பார்கள், கடையில் ஒட்டியிருக்கும் அட்டையில் அந்த எண் பெரும்பாலும் இருக்காது. அதோடு நம்ம ஊர்க் கத்திரி வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை ராத்திரியானாலும் ஆறாது. அறை எவ்வளவு சூடோ அதற்கு மேல்தான் மெஷினின் சூடு ஏறும். சின்ன ஃபேன் வைத்த லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் ஓடும் என்பார்கள். ஓடும்தான், ஆனால் பேட்டரியில் கேமின் வேகம் வெகுவாக இறங்கிவிடும்.

பிளேஸ்டேஷன் 5 நல்ல பொருள். டிவியில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 அதில் வராது, பிராஜெக்ட் வேலைக்கும் ஆகாது. வீட்டில் காசு கொடுப்பவரிடம் "படிப்புக்கும் ஆகும்" என்று சொல்ல முடியாத ஒரே காரணத்தால் பல வீடுகளில் அது தோற்றுவிடுகிறது.

பழைய ஆபீஸ் மெஷினில் கார்டு மாட்டுவது

கம்பெனிகள் கழித்துப் போட்ட டெல், எச்பி பெட்டிகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி, கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகினால் பாதிச் செலவில் முடிந்துவிடும் என்பது யோசனை. இதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். 30,000 ரூபாய்க்குள்தான் முடியும் என்கிறவருக்கு இதைவிட நேர்மையான வழி இல்லை. ஆனால் குழி எங்கே இருக்கிறது என்று தெரிந்து இறங்க வேண்டும்.

முதல் குழி தலைமுறை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமானால் இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் கணக்கு, அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும் வேண்டும். வேலரன்ட் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) இரண்டும் இல்லாமல் திறக்காது. விலை குறைவாக இருக்கிறதே என்று 6, 7-ஆம் தலைமுறை ஐ5 பெட்டியைத் தூக்கி வந்தால் விளையாட நினைத்த கேமே விளையாட முடியாமல் போகலாம். பிராசசரை மட்டும் 8-ஆம் தலைமுறைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றாலும் அந்த போர்டு அதை ஏற்காது.

அடுத்தது மின்சாரம். அந்த ஆபீஸ் பெட்டிகளில் உள்ள எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி) 200 வாட்டை ஒட்டியதாக இருக்கும். பல மாடல்களில் அதன் இணைப்புப் பின்களும் கம்பெனியின் சொந்த வடிவம், கடையில் விற்கும் சாதா எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. ஆகவே தனி மின் ஒயர் கேட்காத கார்டுதான் போட முடியும், அதாவது மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடுவது. 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி அந்த ரகம், 70 வாட்டில் ஓடும். ஒல்லிப் பெட்டி என்றால் உயரம் குறைந்த கார்டாகத் தேட வேண்டும். இத்தனையும் பொருந்தினால் வேலரன்ட் நன்றாகவே ஓடும். அடுத்த வருடம் பெரிய கார்டு போடலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம்.

இதையே "ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ், கேமிங் பிசி" என்று கலர் லைட் போட்ட கேபினட்டில் வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனையாவது தலைமுறை ஐ7 என்று கேளுங்கள். இரண்டோ மூன்றோ என்று பதில் வரும். அந்த 4 ஜிபி கார்டு பெரும்பாலும் ஜிடி 730-ஆக இருக்கும். 2014-இல் வந்தது அது.

கடையில் கொட்டேஷன் வாங்கினால்

டவுன்ஹால் ரோடு, பைபாஸ் ரோடு, கே.கே. நகர் என்று எந்தப் பக்கம் போனாலும் கொட்டேஷன் ஒரே தினுசில்தான் வரும். துண்டுச் சீட்டில் ஐந்து வரி: ஐ5, 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, 8 ஜிபி கார்டு, கேமிங் கேபினட். கீழே மொத்தத் தொகை. "தம்பி, இதுக்கு மேல எதுக்கு? எல்லாருக்கும் இதான் போட்டுக் குடுக்கிறோம்."

அந்தச் சீட்டில் இல்லாததுதான் முக்கியம். எஸ்எம்பிஎஸ் எந்த கம்பெனி, எத்தனை வாட், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்று காட்டும் 80 பிளஸ் முத்திரை உண்டா? மதர்போர்டின் முழு மாடல் எண் என்ன? ராம் ஒரே ஸ்டிக்கா, இரண்டா? கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் "450 வாட்" என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். தூக்கிப் பார்த்தால் காற்றுப் பெட்டி மாதிரி இருக்கும். கார்டு முழு வேகத்தில் ஓடும்போது மெஷின் பட்டென்று ரீஸ்டார்ட் ஆவதற்கு முதல் சந்தேகம் இந்தப் பெட்டி மேல்தான் போக வேண்டும்.

கடைக்காரரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பேரம் பேசுகிறார்கள். பேரத்தில் இறங்கும் ஆயிரம் ரூபாய் எங்கிருந்தாவது போக வேண்டும், கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து போகிறது. வரிக்கு வரி மாடல் எண் எழுதித் தாருங்கள் என்று கேட்டால் பல கடைகள் முகம் சுளிக்காமல் எழுதித் தரும். எழுதித் தர யோசிக்கிற கடையை விட்டு நகர்வது நல்லது. அப்புறம், "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம்" என்ற பேச்சு வரும். 70,000 ரூபாய்ப் பொருளில் அது பெரிய தொகைதான், ஆசை வரும். ஆனால் பில் இல்லாத பொருளின் வாரண்டி அந்தக் கடைக்காரரின் ஞாபகசக்தியை நம்பி நிற்கும்.

கடை வழியில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மெஷின் ஆன் ஆகவில்லை என்றால் பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்துவிடலாம். அவரிடம் வேறு எஸ்எம்பிஎஸ், வேறு ராம், வேறு போர்டு இருக்கும். பத்து நிமிடத்தில் எது போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் நம்மிடம் மாற்றிப் பார்க்க இன்னொரு போர்டு இருக்காது.

நாமே மாட்டினால்

மாட்டுவது கஷ்டம் என்று பயப்பட வேண்டியதில்லை. ஸ்க்ரூடிரைவர் ஒன்று, நிதானமான ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவ்வளவுதான். ஏஎம்டியின் ஏஎம்4 குடும்ப பிராசசரில் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும், அதற்கு அடுத்த ஏஎம்5-இலும் இன்டெலிலும் போர்டில் இருக்கும். எதில் இருந்தாலும் விரல் படக் கூடாது, அழுத்தக் கூடாது, தானாக உட்கார வேண்டும். ராம் இரண்டு ஸ்டிக் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் இருந்தால் உரித்துவிட்டு மாட்டவும். பிராசசருக்கான 8 பின் ஒயர் போர்டின் மேல் மூலையில் ஒளிந்திருக்கும், மறந்தால் மெஷின் எழாது.

போன விடுமுறையில் என் அக்கா மகன் எல்லாவற்றையும் சரியாக மாட்டி, ஃபேன் சுற்றி, லைட் எரிந்து, திரை மட்டும் வராமல், "மாமா, கார்டு டெட்டா வந்திருச்சு" என்று போன் செய்தான். வீடியோவில் காட்டச் சொன்னேன். எச்டிஎம்ஐ ஒயரை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மேலே மதர்போர்டில் செருகியிருந்தான். முதல்முறை மாட்டுகிறவர்களில் பாதிப் பேராவது இதைச் செய்வார்கள் என்று நினைக்கிறேன். இன்னொன்று, ஏஎம்5 போர்டுகள் முதல்முறை ஆன் ஆகும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் ஸ்விட்சை அணைக்காமல் எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

ஆகவே மாட்டுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். எங்கே வாங்குவது என்பதில்தான் சிக்கல். எல்லாவற்றையும் ஆன்லைனில் தனித்தனிக் கடைகளில் மலிவாகப் பிடித்து வாங்கினால், ஆன் ஆகாத நாளில் போர்டுக்காரர் ராமைச் சொல்வார், ராம்காரர் எஸ்எம்பிஎஸ்ஸைச் சொல்வார். நடுவில் நின்று கூரியருக்குக் காசு கொடுப்பது நீங்கள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று இரவு ரயில் ஏறுகிறவர்களும் உண்டு. தெருவைச் சுற்றிப் பார்க்கவே போகலாம், விலையும் கொஞ்சம் இறங்கும். ஆனால் வாரண்டி 450 கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும்.

என் முடிவு இரண்டையும் கலந்தது. ஒரு மெஷின் ஆன் ஆகவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியவை முக்கியமாக நான்கு: எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, பிராசசர், ராம். இந்த நான்கையும் மதுரையில் ஒரே கடையில், ஒரே பில்லில் வாங்குங்கள். நூறு, ஐநூறு கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. எது கெட்டாலும் அந்த ஒரு மேஜைக்குத்தான் போகப்போகிறீர்கள், "அது வேறு கடைப் பொருள்" என்று யாரும் சொல்ல முடியாது. கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, கேபினட், மானிட்டர் நான்கும் தனித்தனியாகவே குறை காட்டிவிடும். அவற்றை எங்கே மலிவோ அங்கே வாங்கலாம். ஆன்லைனில் வாங்கும் பொருளைப் பிரிக்கும்போது சீல், சீரியல் எண் தெரிய ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்துவிடுங்கள். மாட்டுவதை வீட்டில் நீங்களே செய்யுங்கள். அடுத்த வருடம் ராம் கூட்டவோ தூசி தட்டவோ திறக்கும்போது உள்ளே எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

எதைப் போடுவது

வேகத்தை மட்டும் பார்த்தால் ரைசன் 5 5600 இன்னும் நல்ல பிராசசர். ஆறு கோர், 65 வாட், கூலரும் கூடவே வரும். ஆனால் ஏஎம்4 என்ற அந்தக் குடும்பம் 2016-இல் தொடங்கியது, இனி அதில் பெரிதாக எதுவும் வரப்போவதில்லை. ஏஎம்5 2022-இல் வந்தது. 2027 வரைக்கும் அதற்கும் பிறகும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இதையே காரணமாகச் சொல்லி கண்ணை மூடிக்கொண்டு ஏஎம்5 வாங்கு என்று முன்பெல்லாம் சொல்ல முடிந்தது. 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ராம், எஸ்எஸ்டி விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. ஏஎம்5-க்கு டிடிஆர்5 ராம்தான் வேண்டும். வீட்டிலோ நண்பரிடமோ பழைய டிடிஆர்4 ஸ்டிக்குகள் இருந்தால் ஏஎம்4 பக்கம் சாய்வதில் தப்பே இல்லை. ராமும் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் ஏஎம்5-இல் ரைசன் 5 7600 போட்டு, இப்போதைக்கு 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்கி, விலை இறங்கியதும் இன்னொன்று சேர்க்கலாம். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷினில் ஒரே ஸ்டிக்கால் வேகம் கொஞ்சம் குறையும், தாங்கிக்கொள்ளலாம்.

7600-ஐ நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது. கேமுக்கு அது போதாது, ஆனால் கிராபிக்ஸ் கார்டு வாரண்டிக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாத நாட்களில் மானிட்டரை மதர்போர்டில் செருகி மற்ற வேலைகளைப் பார்க்கலாம். 5600-இல் அது கிடையாது. இன்டெலில் 12400எஃப் என்று கடைசியில் எஃப் வரும் பிராசசர்களுக்கும் கிடையாது. அந்த எஃப் எழுத்தால் மிச்சமாகும் காசு, நம் ஊர் மாதிரி சர்வீசுக்குப் பொருளை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டிய இடத்தில் மிச்சமே இல்லை.

கார்டைப் பற்றி நீட்டி எழுத மாட்டேன். மொத்தக் காசில் மூன்றில் ஒரு பங்கு முதல் நாற்பது சதவீதம் வரை இதற்குப் போகட்டும். ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, 5060 மூன்றும் 8 ஜிபி. 1080பி திரைக்கு எது அன்றைக்கு மலிவோ அது. இன்டெலின் ஆர்க் பி580-இல் 12 ஜிபி உண்டு, ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக எட்ட விடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய போர்டில் அதைப் போடாதீர்கள், சோர்ந்துவிடும்.

கேபினட்டில் முன்பக்கம் கண்ணாடி வைத்தது படத்தில் அழகாக இருக்கும். நமக்கு வேண்டியது முன்பக்கம் வலை வைத்தது, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியோடு. ரோட்டோர வீடு என்றால் மாதம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும். பின்னால் காலியாக உள்ள ஸ்லாட் மூடிகளைத் தொலைத்துவிடாதீர்கள். பல்லி உள்ளே போகும் வழி அதுதான்.

கரண்ட்

எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைத்துச் சுருக்காதீர்கள். இந்த அளவு மெஷினுக்கு 550 அல்லது 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ், ஐந்து வருட வாரண்டி உள்ள நல்ல கம்பெனி. அதைச் செருகும் சுவரையும் ஒருமுறை பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் பாயிண்ட் இருக்கும், எர்த் ஒயர் மட்டும் எங்கும் போயிருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் வெறுங்காலோடு நின்று கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும். மெஷின் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி எர்த்துக்கு அனுப்ப வேண்டிய கசிவு போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கிறது. ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த் சரிசெய்த பிறகு மெஷினை மாட்டுங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காக நிறுத்தும் நாள் முன்கூட்டியே தெரியும். சொல்லாமல் போய் வருவதுதான் தொல்லை. 600 விஏ யூபிஎஸ் என்பது உண்மையில் 360 வாட் அளவுதான், விளையாடும்போது கரண்ட் போனால் திணறும். 1 கேவிஏ அளவில் வாங்கினால் சேமித்துவிட்டு அணைக்க நேரம் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுகிறவர்கள் அது சைன் வேவ் ரகமா என்று பார்த்து, பின்னால் உள்ள ஸ்விட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளிவைக்க வேண்டும். ஈபி பில்லுக்கு வீட்டில் கேட்பார்கள். 300 வாட், தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடென்றால் மட்டும் யோசிக்க வேண்டும், அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும்.

எல்லாம் மாட்டி முடித்த முதல் வாரத்தில் மெஷினைச் செல்லமாக வைத்திருக்காதீர்கள். ஏசி போடாமல், மதியம் இரண்டு மணிக்கு, இருப்பதிலேயே கனமான கேமை இரண்டு மூன்று மணி நேரம் ஓட விடுங்கள். தொங்குகிறதா, ரீஸ்டார்ட் ஆகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். முதல் வாரத்தில் போனால் கடைக்காரர் கையில் புதுப் பொருளை மாற்றித் தர வாய்ப்பு அதிகம். மூன்றாவது மாதம் போனால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிட்டு ரசீதுதான் தருவார்.